முதுகு காய்ந்த எருமை

1962 நவம்பர் 8, வியாழன். முள்ளியவளை.

பாலையடிக்குளத்தில் இன்று காலை ஒன்பதடி இரண்டங்குலம் தண்ணீர். சொன்னவர் மதகுக் காவலாளி சின்னராசா. அளவுகல்லை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்துவிட்டு பஸ் ஏறி வந்து சொன்னார். பதினாலடி வந்தால் குளம் நிரம்பி மேலதிகத் தண்ணீர் தானாக வழியும். இன்னும் ஐந்தடி கிடக்கிறது.

அவர் ஒரு கடிதமும் கொண்டுவந்தார். குளத்துக்குக் கீழே குடியேறியிருக்கும் இரஞ்சிதம் என்பவர் பத்திரிகைக்கென்று கொடுத்தனுப்பியது. கொப்பித் தாளில் ஐந்து வரி:

"எங்கட குளக்கட்டு இப்ப சேத்துக்குள்ளாலை எழும்பின எருமை மாதிரி நிக்குது. பாலை மரம் தறிச்ச இடத்திலை இன்னும் கூட. கந்தோரிலை சொல்லியாச்சு. கட்டுக்குக் கீழை அறுபத்துமூண்டு குடும்பம் இருக்கிறம். ஆரும் வந்து பாக்கச்சொல்லி எழுதுங்கோ."

முதல் வரியை வெட்டினேன். அதை வெட்டியதும் இரண்டாவது வரி தனியே நிற்காது, அதையும் வெட்டினேன். அனுப்பியது இவ்வளவு: "பாலையடிக்குளக் கட்டு பழுதுபார்க்கப்பட வேண்டுமென்று அப்பகுதிக் குடியேற்றவாசிகள் கோருகின்றனர். இங்கு 63 குடும்பங்கள் வாழ்கின்றன."

'போல', 'மாதிரி' கண்டால் கை தானாகக் கோடு கீறுகிறது. இந்த நிருபர் தொழிலுக்கு வந்த நாலாம் வருடம் 'கடல் போல் வெள்ளம்' என்று எழுதினேன். அன்றைய ஆசிரியர் ஒரு அஞ்சலட்டை போட்டார்: எத்தனை அடி? அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் எதையும் எதனோடும் ஒப்பிட்டதில்லை. இருபத்துமூன்று வருடம்.

முழங்கால் வலி. படுக்கப் போகிறேன்.

நவம்பர் 11, ஞாயிறு.

மழை ஒன்றே முக்கால் அங்குலம். படிப்பிக்கிற பாடசாலை மழைமானியில் மனைவி கமலாசனி பார்த்துச் சொன்னது. வேறொன்றுமில்லை.

நவம்பர் 13, செவ்வாய்.

பத்திரிகை வந்தது. ஐந்தாம் பக்கம், அடியில், நான் எழுதிய இரண்டு வசனமும் ஒரு சொல் மாறாமல். முந்தியென்றால் இதற்குச் சந்தோசப்படுவேன். இன்று வெட்டுப்புத்தகத்தில் ஒட்டவும் மனமில்லை. கமலாசனி ஒட்டினாள்.

நவம்பர் 15, வியாழன்.

இரஞ்சிதம் வந்தார். முதன்முதலாகப் பார்க்கிறேன். நாற்பது வயதிருக்கும். 1954இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டேக்கர் வயல் எடுத்தவர். நாலு எருமையும் வைத்திருக்கிறார். வீடு கட்டுக்குக் கீழே ஐம்பது யார் தூரத்தில். கையில் செவ்வாய்க்கிழமைப் பேப்பர்.

"ஐயா, நான் எழுதினது எங்கை?"

காட்டினேன்.

"இது நான் எழுதினதில்லை. இது எல்லாக் குளத்துக்கும் எழுதிறது."

உவமானங்கள் செய்திக்கு ஒத்துவராதென்று விளங்கப்படுத்தினேன். கட்டு பெரிதாய், கறுப்பாய், கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்று அவர் சொல்லவந்ததாகவே நான் எடுத்துக்கொண்டேன் என்றும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.

"கட்டு கறுப்பெண்டு பேப்பரிலை போடச்சொல்லி ஆரும் பஸ்ஸிலை கடிதம் குடுத்தனுப்புவினமே? ஐயா, நீங்கள் எருமை கண்டிருக்கிறியளோ?"

"தினமும் றோட்டிலை காணுறன்."

"றோட்டிலை கண்டது போதாது. சேத்துக்குள்ளாலை எழும்பேக்கை காணவேணும். ஒருநாள் விடிய வாங்கோ. எருமையையும் காட்டுறன், கட்டையும் காட்டுறன்."

பஸ் வந்தது. தேத்தண்ணீரை அரைவாசியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம். ஏன் கோபம்? இருபத்தேழு வருடம் எழுதுபவனுக்கு எருமை தெரியாதென்று சொன்னதாலா? எருமை தெரியாதுதான். நான் பிறந்த ஊரில் கிணறும் புகையிலையும்தான் இருந்தன.

நவம்பர் 16, வெள்ளி.

கமலாசனி வருடமுடிவுச் சோதனைத் தாள்கள் திருத்துகிறாள், எட்டாம் வகுப்பு. நாலாம் கேள்வி: "வரம்பில் நிற்கும் கொக்கைப் போல அவன் கந்தோர் வாசலில் நின்றான்." உவமை எது, பொருள் எது, இரண்டுக்கும் பொதுவான தன்மை எது?

உவமை கொக்கு, பொருள் அவன் – எல்லாரும் சரியாக எழுதிவிட்டார்கள். பொதுத்தன்மையில்தான் விழுந்திருக்கிறார்கள். இருபத்தெட்டுப் பேரில் பத்தொன்பது பேர் 'வெள்ளை'. இரண்டு பேர் 'ஒற்றைக்கால்'. ஒருத்தி மாத்திரம், 'அசையாமல் நின்றாலும் கண் ஓரிடத்தில் இருக்கும், வேண்டியது வரும்வரை போகாது' என்று எழுதியிருந்தாள்.

"இஞ்சருங்கோ, இந்தப் பிள்ளைக்கு மாத்திரம் முழு மார்க். மற்றவை கொக்கைப் பாக்கேல்லை. கொக்கெண்ட சொல்லைத்தான் பாத்திருக்கினம்."

இரஞ்சிதத்தின் கதையைச் சொன்னேன். சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உவமை எருமை. சரி. பொருள் குளக்கட்டு. அதுவும் சரி. பொதுத்தன்மை?"

"கறுப்பு. பெரிது. சோம்பல்."

"அஞ்சுக்கு ரெண்டு. அந்த மனுசி 'எழும்பின எருமை' எண்டெல்லோ எழுதினவா. எழும்பினது எப்பிடிச் சோம்பலாகும்?"

கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழும்பின. ஓம். 'சேத்துக்குள்ளாலை' என்றும் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லையும் நான் வாசிக்கவேயில்லை.

நவம்பர் 18, ஞாயிறு.

முதற்பஸ்ஸில் சந்திவரை, அங்கிருந்து இரண்டு மைல் நடை. காலை ஆறேமுக்காலுக்குக் குளத்தடி. தண்ணீர் பத்தடி நாலங்குலம், நானே அளவுகல்லில் பார்த்தது. மழை விட்டு இரண்டு நாள்.

இரஞ்சிதம் எருமைகளைச் சேற்றுக் கிடங்கிலிருந்து எழுப்பினார். நாலும் எழும்பி வரிசையாக வெயிலில் நின்றன. நான் கொப்பியைத் திறந்துகொண்டு நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. எருமை, எருமையாகத்தான் நின்றது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார்.

கால் மணித்தியாலம். முதுகில் அப்பியிருந்த சேறு வெயிலில் காய்ந்து சாம்பல் நிறமானது. வயிற்றுப்பக்கம் காயவில்லை. விலாவில் ஒரு கோடு விழுந்தது: மேலே வெளிறல், கீழே கறுத்த ஈரம். கயிறு பிடித்துக் கீறியதுபோல நேர்க்கோடு.

"இப்ப திரும்பிக் கட்டைப் பாருங்கோ."

திரும்பினேன். கட்டின் வெளிப்பக்கச் சரிவிலும் அதே கோடு. மேல்மண் காய்ந்து வெளிறிப்போயிருந்தது. அடியிலிருந்து ஆறடிவரை கறுத்த ஈரம். இரண்டு நாள் வெயிலில் காயாத ஈரம். மழை ஈரமென்றால் முதுகிலிருந்தல்லவா இறங்கவேண்டும்? இது வயிற்றிலிருந்து ஏறுகிறது. குளத்துத் தண்ணீர் கட்டுக்குள்ளால் வந்துகொண்டிருக்கிறது. பாலை மரம் தறித்த இடத்தில் கோடு இன்னும் ஓரடி மேலே. உள்ளே வேர் உக்கிப்போயிருக்கும் என்கிறார் இரஞ்சிதம்.

சரிவில் நாலு தடி நட்டிருந்தார். குளம் ஒவ்வோரடி ஏற ஏற ஈரக்கோடு எங்கே நின்றதோ அங்கே ஒரு தடி. ஏழடித் தண்ணீருக்கு முதல் தடி, பத்தடிக்கு நாலாவது.

"தடி நட்டதை ஏன் கடிதத்திலை எழுதேல்லை?"

"எருமை எண்டு எழுதினால் விளங்கும்தானே எண்டு நினைச்சனான். இஞ்சை எல்லாருக்கும் விளங்கும்."

என்னிடம் கடிதம் வந்து பத்து நாள். அதற்குள் குளம் ஓரடி இரண்டங்குலம் ஏறிவிட்டது.

நாலு தடிகளின் உயரங்களையும், கசியும் இடம் மதகிலிருந்து 140 யார் தூரம் என்பதையும் போட்டு இன்றே எழுதி, சந்திக்கடையில் தபாலில் சேர்த்தேன். எருமை பற்றி ஒன்றும் எழுதவில்லை. அளவுகள்தான். அளவுகள் போதும்.

நவம்பர் 20, செவ்வாய்.

நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போனேன். எழுதுவினைஞர் ஒருவர் (பெயர் போடவேண்டாமென்றார்) குளத்துக் கடிதக் கோவையை எடுத்துக் காட்டினார். என்னுடைய செய்தியை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னும்.

"ஐயா கோவிக்கக்கூடாது. '58இலையும் இதே வசனம், '59இலையும் இதே வசனம். இஞ்சினியர் இதை என்னெண்டு வாசிக்கிறது? மாரி வந்திட்டுது எண்டுதான் வாசிக்கலாம்."

வீட்டில் என் வெட்டுப்புத்தகங்களைப் பார்த்தேன். அவர் சொன்னது குறைவு. 'பழுதுபார்க்கப்பட வேண்டுமென்று குடியேற்றவாசிகள் கோருகின்றனர்' – பன்னிரண்டு இடத்தில். ஏழு வெவ்வேறு குளங்கள். அந்த ஏழு இடத்திலும் யாரோ ஒருவர் வேறேதோ சொல்லியிருப்பார். நான் என்ன வெட்டினேன்? ஒன்றும் ஞாபகமில்லை.

நவம்பர் 23, வெள்ளி.

செய்தி வந்திருக்கிறது. தடிகள் இல்லை. அளவுகள் இல்லை. "பாலையடிக்குளக் கட்டில் கசிவு, பழுதுபார்க்கக் கோரிக்கை." கூடவே உதவி ஆசிரியரின் கடிதம்: "அடியும் அங்குலமும் ஓவசியர் அறிக்கைக்குப் பொருத்தம். வாசகருக்கு விளங்குமாறு எழுதவும்."

முப்பது வயது இருக்குமா அவருக்கு? கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான்.

மத்தியானம் மேசைக்குப் போய் இருந்தேன். ஒரு மணித்தியாலம். பிறகு எழுதினேன்: "சேற்றிலிருந்து எழும்பி வெயிலில் நிற்கும் எருமையைப் போல நிற்கிறது பாலையடிக்குளக் கட்டு: முதுகு காய்ந்திருக்கிறது, வயிறு நனைந்திருக்கிறது, நனைந்த கோடு நாளுக்கு நாள் மேலேறுகிறது. இவ்வாறு கூறுபவர் கட்டுக்குக் கீழே வசிக்கும் திருமதி இரஞ்சிதம்."

கமலாசனியிடம் காட்டினேன். வாசித்துவிட்டு முத்திரை ஒட்டினாள்.

நவம்பர் 26, திங்கள்.

வந்துவிட்டது. முதற்பக்கம், பெட்டி கட்டி. தண்ணீர் பதினோரடி ஏழங்குலம் (சின்னராசா). ஐந்தாவது தடி நட்டாயிற்று.

நவம்பர் 27, செவ்வாய்.

ஏரம்பு வந்தார், வேலிப் படலையிலிருந்தே சத்தம். குடியேற்றச் சங்கத் தலைவர். மதகு வாய்க்காலின் கடைசிப் பள்ளத்தில் ஐந்தேக்கர் விதைத்திருக்கிறார்.

"நிருபர் ஐயா! ஆரைக் காணும் எருமை எண்டு எழுதினது?"

இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"சந்தையிலை எல்லாரும் சிரிக்கிறாங்கள். 'தலைவர், முதுகு காஞ்சிட்டுதோ' எண்டு கேக்கிறாங்கள். எங்கட குளத்திலை கறுவல் ஆர், நான்தான். பருத்தவன் ஆர், நான்தான். அந்த மனுசி என்னைத்தான் சாடை சொல்லியிருக்கு. நீங்களும் அதைப் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறியள்."

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. இரண்டு கிழமைக்கு முன் நானும் அதைத்தான் வாசித்தேன்: கறுப்பு, பருமன்.

"ஏரம்பண்ணை, நீங்கள் எத்தினை எருமை வைச்சிருக்கிறியள்?"

"ஒன்பது. அதுக்கென்ன?"

"சேத்தாலை எழும்பி வெயிலிலை நிண்டால் முதலிலை எங்கை காயும்?"

"முதுகு. பிறகு விலா. வயிறு கிடக்கும், பின்னேரம்வரை –"

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மெல்லக் கதிரையில் இருந்தார். நான் விளங்கப்படுத்தவில்லை, தேவைப்படவில்லை.

"கட்டோ?"

"கட்டு."

"நான் இந்த மாரி கட்டுக்குப் பின்பக்கம் போகேல்லை. வயலோடையே நிண்டிட்டன்." கதிரையை முன்னுக்கு இழுத்தார். "எவ்வளவு உயரம்?"

"ஏழடி. பாலை மரத்தடியிலை எட்டு."

"தண்ணியை இறக்கவேணுமெண்டால் மதகு திறக்கவேணும். மதகு திறந்தால் என்ர பள்ளம்தான் முதலிலை போகும். பத்தொன்பது பேற்றை பயிர் போகும். ஒரு சாண் பயிர், ஐயா."

தெரியும் என்றேன். தேத்தண்ணீர் குடிக்காமல் போனார். இந்த வீட்டில் இப்போது ஒருவரும் தேத்தண்ணீர் குடித்து முடிப்பதில்லை.

நவம்பர் 29, வியாழன்.

நேற்று முழுநாளும் மழை, நாலு அங்குலம். இன்று பின்னேரம் தூறலில் சந்திவரை போனேன். இரஞ்சிதம் நனைந்தபடி வந்து நின்றார்.

"பாலை மரத்தடியிலை இப்ப ஈரமில்லை ஐயா, ஓடுது. அரிசி கழுவின தண்ணி மாதிரி."

முந்தியென்றால் 'கலங்கல் நீர்' என்று எழுதியிருப்பேன். பென்சில் அந்தச் சொல்லுக்குப் போய்விட்டது. நிறுத்தினேன்.

"முதற் கழுவலோ, இரண்டாங் கழுவலோ?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இரண்டாங் கழுவல். கைரேகை தெரியும்."

தெளிந்த தண்ணீர் கசிந்தால் தவணை உண்டு. மண்ணோடு வந்தால் கட்டு உள்ளுக்குள் கரைகிறது. இது சின்னராசா சொன்னது; கந்தோர் எழுதுவினைஞரும் அதையே சொன்னார். பிள்ளைகளோடு பாடசாலைக் கட்டடத்தில் வந்து இருக்கச் சொன்னேன். எருமைகளை விட்டுவிட்டு வரமாட்டாராம். பிள்ளைகளை மட்டும் அனுப்புகிறார்.

நவம்பர் 30, வெள்ளி.

காலை எட்டு மணி: முதற் கழுவல். கைரேகை தெரியவில்லை. இரஞ்சிதம் தண்ணீரைக் கையில் ஏந்திக் காட்டினார், நான் பார்த்தேன், ஏரம்புவும் பார்த்தார்.

ஏரம்பு நேற்றே வீடு வீடாகப் போயிருக்கிறார். மதகைத் திறக்கச் சம்மதமென்று அறுபத்துமூன்றில் ஐம்பத்தொருவர் கையெழுத்து. முதற் கையெழுத்து அவருடையது. பள்ளத்துக்காரர் பத்தொன்பது பேரில் எட்டுப் பேர் வைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இஞ்சினியருக்கான கடிதத்தை நான் எழுதினேன். இரண்டு கழுவலையும் நேரத்தோடு போட்டேன். ஏரம்பு அதைச் சேர்ட்டுக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

டிசம்பர் 1, சனி.

மதகு இன்று பிற்பகல் மூன்று பத்துக்குத் திறக்கப்பட்டது. நான் நின்று பார்த்தேன். தண்ணீர் பன்னிரண்டடி எட்டங்குலம்.

இஞ்சினியர் ஏரம்புவோடேயே ஜீப்பில் வந்துவிட்டார். ஏரம்பு சொன்னது: "கையெழுத்தைப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்லை. அங்காலை வாசிச்சார். 'முதற் கழுவலோ' எண்டு கேட்டுப்போட்டு எழும்பீட்டார்."

பாலை மரத்தடியில் மணல்மூட்டை அடுக்கினார்கள். ஐந்தரை மணிக்கு ஏரம்புவின் பள்ளத்தில் பயிர் நுனி தெரிந்தது. ஆறு மணிக்குத் தெரியவில்லை. அவர் வரம்பில் நின்றார். கொக்கு என்று மனம் ஒரு கணம் போயிற்று. வேண்டாம். பொதுத்தன்மை இல்லை. கொக்குக்கு வேண்டியது வரும்.

டிசம்பர் 3, திங்கள்.

காய்ச்சல். கமலாசனி வெளியே விடவில்லை.

டிசம்பர் 6, வியாழன்.

பாலையடிக்குளத்தில் இன்று காலை எட்டடி பதினோரங்குலம். அளவுகல்லை நான் பார்த்தேன். ஈரக்கோடு மூன்றாவது தடிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. பார்த்தவர்கள் இரஞ்சிதமும் நானும். பாலை மரத்தடியில் கசிவு தெளிந்த நீர். எத்தனையாம் கழுவலென்று கேட்டேன். "இது கழுவலில்லை ஐயா, கிணத்துத் தண்ணி," என்றார். பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். கட்டு நிற்கிறது. மதகைப் பின்னேரம் பூட்டுகிறார்கள்.

உதவி ஆசிரியரிடமிருந்து கடிதம்: "எருமை நன்று. அவ்வாறான உவமைகளை வாரந்தோறும் அனுப்பவும்." பதில் எழுதவில்லை. என்னிடம் எங்கே இருக்கிறது? அனுப்புகிறவர்கள் அனுப்பினால் வெட்டாமல் விடலாம். அவ்வளவுதான் என்னால் முடியும்.

வரும்வழியில் ஏரம்புவைக் கண்டேன். பள்ளம் ஐந்து நாளாய்த் தண்ணீருக்குள். கதவு சாத்திய பதினொரு பேரில் இருவர் அவரோடு இப்போதும் கதைப்பதில்லையாம். வயல் எப்படிக் கிடக்கிறதென்று கேட்டேன்.

"இப்ப சொல்லேலாது. தண்ணி வடியட்டும். பயிர் எழும்புதோ, அழுகுதோ – பாத்துத்தான் சொல்லவேணும். செவ்வாய்க்கிழமை வாங்கோ."

நிலுவையில் உள்ளவை: கட்டின் நிரந்தரத் திருத்தம் பற்றி இஞ்சினியரின் அறிக்கை, திங்கள் 10ஆம் தேதி. பத்தொன்பது பேருக்கு விதைநெல் கிடைக்குமா என்ற முடிவு, அதே அறிக்கையோடு. ஏரம்புவின் பயிர், செவ்வாய் 11ஆம் தேதி.

கொப்பியில் ஏரம்புவின் பெயரை எழுதி, அவர் சொல்லப்போவதற்குப் பக்கத்தில் இரண்டு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.